தங்கையனின் நாற்காலியில் பதினான்கு மாதம்

தற்காலிகப் பதவி உயர்வு ஆணை ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் அதன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். பெயரும் புதிய பதவியும் மேலே இருக்கும். வீட்டில் காட்டுவதற்கு அது போதும். கடைசிப் பத்தி வேறு குரலில் பேசும். இந்த உயர்வு முற்றிலும் தற்காலிகமானது, இதைக் கொண்டு எந்த உரிமையும் கோர முடியாது, எந்த நேரத்திலும் முன்னறிவிப்பு இல்லாமல் பழைய பதவிக்கே இறக்கப்படலாம் என்று சொல்லும். புதிதாக சப்-இன்ஸ்பெக்டர் ஆகப்போகிறவர்களுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டபோது, இந்த ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். அந்தப் பத்தியை நான் முதன்முதலாகப் படித்தது இன்னொருவனுடைய ஆணையில். படித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைச் சொல்லாமல் போனால் நான் இங்கே வந்ததில் பயன் இல்லை.

அவன் பெயர் தங்கையன். இருவரும் ஒரே நாளில் காவலராகச் சேர்ந்தோம். பயிற்சியில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. தலைமைக் காவலர் ஆனதும் ஒரே பட்டியலில்தான். முதுநிலைப் பட்டியலில் என் பெயர், அதற்கு அடுத்த வரியில் அவன் பெயர். எங்கள் வீடு பேராவூரணிப் பக்கம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் குத்தகை வயல். பெரிய வசதி இல்லை, ஆனால் ஆள் வைத்துக் கூலி கொடுக்கிற வீடு. அவன் குடவாசல் பக்கம். அவன் அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். இந்த வித்தியாசத்தை நான் மறந்துவிட்டேன் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் எனக்கு அடுத்த வரியில் இருந்தவரைக்கும் மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. குத்தகைதாரர் பாதுகாப்பு, நில உச்சவரம்பு, கூலி உயர்வு என்று சென்னையில் ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் இங்கே ஏதாவதொரு வரப்பின் இரண்டு பக்கமும் இரண்டு கூட்டம் நிற்கும். நடவுக்குத் தகராறு, அறுப்புக்குத் தகராறு. புதிது புதிதாகக் காவல் நிலையங்கள் திறந்தார்கள். உட்கார சப்-இன்ஸ்பெக்டர் இல்லை. முறையான பட்டியல் தயாராகும்வரை தலைமைக் காவலர்களில் சிலருக்குத் தற்காலிகமாகப் பதவி உயர்வு கொடுத்தார்கள். முறைப்படி எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அதற்கு முந்தின மாதம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் என் காவலிலிருந்து ஒரு கைதி ஓடிவிட்டான். இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிட்டோம். ஆனாலும் என் மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தது. என் வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் எழுத்தராக இருந்த நிலையத்துக்கே அவனை சப்-இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள்.

முதல் நாள் காலையில் தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு வந்து இறங்கினான். நான் விறைத்து நின்று சல்யூட் அடித்தேன். பதிலுக்குச் சல்யூட் வைத்துவிட்டு உள்ளே போனான். தனியாக இருக்கும்போது கூப்பிட்டு, யாரும் இல்லாதபோது பழையபடி பேரைச் சொல்லியே கூப்பிடு என்று சொன்னான். நான் கூப்பிடவில்லை. "சரிங்க ஐயா" என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாளில் இருபது தடவை ஐயா போட்டேன். தேவையில்லாத இடத்திலும் போட்டேன். மரியாதையைக் கொண்டு ஒரு மனிதனைத் தள்ளி வைக்க முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஐயாவுக்கும் அவன் முகம் லேசாகச் சுருங்கும். அதைப் பார்ப்பதற்காகவே சொன்னேன்.

அவன் எழுத்தில் பிழை வரும். ர-வும் ற-வும் இடம் மாறிவிடும். அவன் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளைப் படியெடுத்து அனுப்புவது என் வேலை. திருத்தி அனுப்பியிருக்கலாம், அதுவரை வந்த சப்-இன்ஸ்பெக்டர்களுக்கு அப்படித்தான் செய்தேன். அவனுடையதை மட்டும் உள்ளது உள்ளபடியே எழுதி அனுப்பினேன். மேலிடத்தில் யாராவது படித்துச் சிரிக்கட்டும் என்று. அவன் அதைக் கவனித்திருப்பான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குக் கோபமாக இருந்தது.

நிலையத்துக்கு வருகிற ஜனங்கள் அவனைத் தேடி வந்தார்கள். முன்பெல்லாம் சங்கடம் என்றால் ஏட்டையா எங்கே என்று கேட்பார்கள். இப்போது எஸ்.ஐ. இருக்காங்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் என்னிடம் சொல்லாமல் வேப்பமரத்தடியில் காத்திருப்பார்கள். அவனுடைய பதவி உயர்வு ஆணை நிலையக் கோப்பில் இருந்தது. யாரும் இல்லாதபோது அதை எடுத்து அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துக்கொள்வேன். எனக்கு அப்போது அது ஒரு மருந்து மாதிரி இருந்தது.

தை மாதம் சம்பா அறுப்பு வந்தது. எங்கள் எல்லையில் ஒரு மிராசுதாருக்கும் அவர் நிலத்தைச் சாகுபடி செய்தவர்களுக்கும் தகராறு. நாங்கள்தான் குத்தகைதாரர்கள் என்று சாகுபடி செய்தவர்கள் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வெறும் கூலியாட்கள் என்பது மிராசுதாரின் வாதம். மனு முடிவாகவில்லை. அதற்குள் அறுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவர் கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து இரண்டு லாரி நிறைய ஆள் கொண்டுவந்து இறக்கினார். போலீஸ் பாதுகாப்பு வேண்டும் என்று மேலே சொல்லி உத்தரவும் வாங்கிவிட்டார். எந்த ஆட்சி வந்தாலும் அவருக்கு ஆள் உண்டு.

தங்கையன், நான், நான்கு காவலர்கள். ரைஃபிள்கள் எங்களிடம் இருந்தன. போய்ப் பார்த்தால் வயலுக்குள் உள்ளூர்க்காரர்கள் ஆணும் பெண்ணுமாக நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள். வரப்பில் வெளியூர் ஆட்கள். இரண்டு பக்கமும் கையில் அருவாள். நெல் அறுக்கிற அருவாள்தான், ஆனால் அன்றைக்கு யாரும் கதிரைப் பார்க்கவில்லை. மிராசுதாரின் ஏஜெண்ட் லாரிப் பக்கத்தில் நின்றுகொண்டு, உத்தரவு இருக்கிறது, கலைத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் தங்கையன் காதருகே போய், "ஐயா, ரைஃபிளை லோடு பண்ணச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"சொல்லாதீங்க, ஏட்டையா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் காவலர்கள் காதில் விழுந்துவிட்டது. அவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்தக் கலவரத்தை விட அது பெரிதாகப் பட்டது.

பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அவன் நடந்தான். உள்ளூர்க்காரர்களிடம் போவான் என்று எல்லோரும் நினைத்தோம். நேரே வெளியூர் ஆட்களிடம் போனான். இங்கே தகராறு இருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்களா என்று விசாரித்தான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அறுப்பு வேலை, சோறு உண்டு என்று சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் அருவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொருத்தன் வயிற்றில் அடிக்க நாங்கள் வரவில்லை என்றார். அவர்களைச் சாப்பிட வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தங்கையன் ஏஜெண்டிடம் சொன்னான். பிறகுதான் சேற்றில் இறங்கி உள்ளூர்க்காரர்களிடம் போனான்.

அங்கே கூச்சல் அதிகமாக இருந்தது. லாரி போய்விட்டால் நாங்கள் இப்போதே அறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தாசில்தார் வருகிறவரை யாரும் அருவாள் வைக்கக் கூடாது, நீங்களும்தான் என்றான் அவன். கதிர் முற்றி உதிர்கிறது என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள்.

"கதிரு நாலு நாளு நிக்கும்மா. ஆளு விழுந்தா எழுந்திரிக்க மாட்டான்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னான். யார் மகன் என்று கேட்டாள். அதையும் சொன்னான். மறைக்கவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வரப்பேறினார்கள். மூன்றாம் நாள் தாசில்தார் வந்தார். அவர் முன்னிலையில் அறுப்பு நடந்தது. மனு முடிவாகும்வரை நெல்லைப் பொதுவில் வைத்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் விழவில்லை. அன்று பொதுநாட்குறிப்பில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லோடு பண்ணட்டுமா என்று நான் கேட்டதை அவன் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாகக் காட்டிக்கொள்கிறான் என்று அதற்கும் எரிச்சல் பட்டேன்.

மிராசுதார் சும்மா இருக்கவில்லை. பத்து நாளில் ஒரு டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தார். முறையான விசாரணை கிடையாது. பயணியர் மாளிகையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. என்னை உட்காரவே சொன்னார். "நீ கூட இருந்தியே, என்னதான்யா நடந்துச்சு?" என்றார்.

அந்த நிமிடத்தை உங்களிடம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அவர் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இருந்தது. இரண்டு பக்கமும் பேசி, சுடாமல் கலைத்தார் என்று சொல்லியிருந்தால் போதும். என் நாக்கு நுனியில் அது இருந்தது. அதே நேரம் 'சொல்லாதீங்க, ஏட்டையா' என்பதும் காதில் கேட்டது.

"அவரு ஆளுங்ககிட்ட போய்ப் பேசினாருங்க. அவங்களும் கேட்டுக்கிட்டாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆளுங்கன்னா என்று கேட்டார். நான் லேசாகச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்குப் பல அர்த்தம் உண்டு. சொந்தக்காரன் என்றும் சொல்லலாம், ஒரே ஊர்க்காரன் என்றும் சொல்லலாம், ஒரே சாதி என்றும் சொல்லலாம். எந்த அர்த்தத்தில் அவர் எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்துதான் சொன்னேன். அவர் தன் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

பங்குனியில் உத்தரவு வந்தது. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு தங்கையன் தலைமைக் காவலர் பதவிக்கே இறக்கப்படுகிறார். இரண்டே வரி. அதே நாளில் தற்காலிக உயர்வு பெற்றவர்களில் பட்டியலில் அவனுக்குக் கீழே இருந்த மூன்று பேர் சப்-இன்ஸ்பெக்டராகவே தொடர்ந்தார்கள். என் மேல் இருந்த குறிப்பாணை கைவிடப்பட்டது. அடுத்த வாரம் எனக்குத் தற்காலிகப் பதவி உயர்வு. அதே நிலையம், அதே நாற்காலி.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் பொறாமை அடங்கிவிடும் என்று நினைப்பீர்கள். எனக்கு அடங்கவில்லை. நிலையத்துக்கு வந்த ஜனங்கள், முன்னே இருந்த எஸ்.ஐ. எங்கே போய்விட்டார் என்று என்னிடமே கேட்டார்கள். அவனைப் பேராவூரணிக்கு மாற்றியிருந்தார்கள், என் சொந்த ஊருக்கு. அங்கிருந்து என் தம்பி எழுதினான், உன்னோடு சேர்ந்தவராமே, இங்கே நல்ல பேர், நம் வீட்டு வேலித் தகராறைக்கூட அவர்தான் பேசி முடித்தார் என்று. கீழே இறக்கப்பட்ட மனிதன் மேல் பொறாமைப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

தங்கையன் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டான். அரசுத் தரப்பு ஒருபுறம். அவன் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எதிர்மனுதாரர்களில் என் பெயரும் இருந்தது. அவன் ஜெயித்தால் நான் இறங்க வேண்டும். டி.எஸ்.பி. கூப்பிட்டு அனுப்பினார். அன்று சொன்னதையே கொஞ்சம் விரித்து வாக்குமூலம் கொடு என்றார். அறுப்புக்கு முந்தின வாரம் தங்கையன் விவசாயச் சங்கத்து ஆட்களின் வீட்டுக்குப் போனதைப் பார்த்ததாக ஒரு வரி சேர்த்தால் கேஸ் நிற்கும் என்றார். நான் பார்க்கவில்லை. அவன் போகவும் இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

பணி வழக்குகளைப் பார்க்கும் ஒரு குமாஸ்தா தஞ்சாவூரில் இருந்தார். அதிகாரிகளை விட அவருக்குச் சட்டம் தெரியும். அவரிடம் போய் யோசனை கேட்டேன். என் கேஸ் எப்படி நிற்கும் என்றுதான் கேட்டேன், எது நியாயம் என்று கேட்கவில்லை. அவர் சொன்னது இது: தற்காலிகமானவருக்கு அந்தப் பதவியில் உரிமை கிடையாது, இறக்கலாம். ஆனால் கீழே இருப்பவர்களை வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் இறக்கினால் ஏன் என்று கோர்ட் கேட்கும். அந்த ஏனுக்குப் பின்னால் ஒரு குற்றச்சாட்டு இருந்தால் அது தண்டனை. தண்டனை என்றால் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அவரை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார்.

இல்லை என்றேன். அவர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

டி.எஸ்.பி. சொன்ன வரியை நான் எழுதவில்லை. வரப்பில் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயணியர் மாளிகையில் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான், எந்த எண்ணத்தில் சொன்னேன் என்று அதில் எழுதவில்லை. அவன் தோற்க வேண்டும் என்ற ஆசையும் உள்ளே அப்படியேதான் இருந்தது.

நாட்குறிப்பின் மூலத்தைக் கோர்ட்டில் காட்டச் சொன்னதால் அதை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நான்கு வரிசை தள்ளி வெள்ளைச் சட்டையில் தங்கையன். நீதிபதி கோப்பைக் கேட்டு வாங்கினார். டி.எஸ்.பி.யின் அறிக்கையிலிருந்து ஒரு வரியை அரசு வக்கீல் வாசித்தார். நான் சொன்ன வார்த்தை அங்கே, 'தன் சாதியினரோடு கலந்து பேசி அவர்களுக்குச் சாதகமாக நடந்துகொண்டார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அவர்கள் எல்லாரும் ஒரே சாதி என்று யார் சொன்னது என்று நீதிபதி கேட்டார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். உடன் இருந்த தலைமைக் காவலர் சொன்னார் என்றார். அந்தத் தலைமைக் காவலர் இப்போது எங்கே இருக்கிறார் என்றார் நீதிபதி. வக்கீல் கொஞ்சம் தயங்கிவிட்டு, மனுதாரரின் இடத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கிறார் என்றார்.

யாரோ முன் வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார். தங்கையன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தீர்ப்பு அவனுக்குச் சாதகமாக வந்தது. இறக்கியது தண்டனைதான், விளக்கம் கேட்காமல் தண்டித்தது செல்லாது என்றார்கள். அவனைப் பழைய இடத்திலேயே அமர்த்தினார்கள். காலி இடம் ஒன்றுதான். பதினான்கு மாதம் அதில் உட்கார்ந்திருந்த என்னை இறக்கி உத்தரவு வந்தது. முன்னறிவிப்பு கிடையாது. மருந்தாகப் படித்து வந்த அந்தப் பத்தி என் மேல் ஏறி உட்கார்ந்தது. எனக்கு வழக்குப் போட எந்த வாதமும் இல்லை.

அவன் பொறுப்பேற்க வந்த காலையில் ஆயுத அறை, கோப்புகள், நாட்குறிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக ஒப்படைத்தேன். மற்றவர்கள் வெளியே போனதும், டி.எஸ்.பி.யிடம் அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான் என்றேன். அவனுக்குத் தெரியாதது போலச் சொன்னேன்.

அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீ சொன்னது பொய் இல்ல. அவங்க என் ஆளுங்கதான்" என்றான். தாளை முடித்து மூடி வைத்தான். "நீயும் என் ஆளுன்னுதான் நெனச்சிருந்தேன்."

பிறகு கையை நீட்டி, "சாவியக் குடுங்க, ஏட்டையா" என்றான்.

அதற்கப்புறம் ஒரு வருடம் அவன் கீழே வேலை பார்த்தேன். என்னை ஒரு நாளும் பழிவாங்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லவும் இல்லை. அவன் அறிக்கைகளில் இருந்த பிழைகளை நான் திருத்த ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவனே ஒரு அகராதி வாங்கி வைத்துக்கொண்டான்.

நீங்களும் ஒருநாள் சக ஊழியரைப் பற்றி வாய்மொழியாகக் கேட்கப்படுவீர்கள். டீ கொடுத்துக் கேட்பார்கள், உட்கார வைத்துக் கேட்பார்கள். அப்போது ஒரு தாள் கேளுங்கள். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். வாயில் எளிதாக வருகிற வார்த்தை பேனாவில் அவ்வளவு எளிதாக வராது. பொறாமையே படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

பல வருடம் கழித்து, நான் முறையாக சப்-இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தபோது, இன்ஸ்பெக்டர் பதவிக்கான பட்டியலில் தங்கையன் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. அந்தப் பழைய வயல் சமாசாரத்தைக் கிளறி அவன் மேல் யாரோ ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிந்திருக்குமே, சும்மா சொல்லுங்கள் என்றார். தாள் கேட்டேன். வரப்பில் நடந்ததை எழுதினேன். லோடு பண்ணட்டுமா என்று நான் கேட்டதையும், அவர் வேண்டாம் என்றதையும் எழுதினேன். அந்தக் கூட்டத்தில் அவருக்கு யார் உறவு, யார் என்ன சாதி என்று எனக்கு அன்றும் தெரியாது, அவர் மேல் இருந்த பொறாமையால்தான் டி.எஸ்.பி.யிடம் அவர் ஆளுங்க என்று சொன்னேன் என்று எழுதினேன்.

அதிகாரி படித்துவிட்டு, பொறாமை என்றெல்லாம் எழுத வேண்டுமா, அடித்துவிடுங்களேன் என்றார்.

"இருக்கட்டுங்க ஐயா" என்றேன்.

இந்தத் தாள் போனால் அவன் எனக்கு ஒரு படி மேலே போய்விடுவான், நான் மறுபடியும் விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும் என்பது தெரியும். அப்போதும் வயிறு எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே கையெழுத்துப் போட்டேன்.